வரிசையில போன மாசங்கள்

2022 மார்ச் 31, வியாழன், வெள்ளவத்தை, கொழும்பு

நேத்து 10 மணித்தியாலம், இண்டைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். டீசல் வாங்க நாட்டில டொலர் இல்லயாம். மேல தண்ணி ஏத்துற மோட்டரும் கரண்ட்லதானே ஓடுறது, அதால கரண்ட் வந்த உடனே வாளியள நிரப்பி, ஃபோன சார்ஜ்ல போட்டு, ஆபீஸ் வேலைய அனுப்பி எண்டு எல்லாரும் ஒரே நேரத்தில ஓடுறம், பிறகு திரும்பவும் இருட்டு. அம்மா பழைய ஜாம் போத்தல் ஒண்ட எடுத்து, அடியில பஞ்சு வச்சு, கொஞ்சூண்டு மண்ணெண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வுக்குள்ள திரி கோத்து கம்பியில தொங்கவிட்டா. யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடை இருந்த காலத்தில இந்த வெளிச்சத்திலதான் படிச்சனாங்க எண்டு சொன்னா. போத்தலே சிம்னி மாதிரி, காத்துக்கு நூராது. கொழும்பில திரும்ப அத செய்யவேண்டி வரும் எண்டு அவ நினைச்சே இருக்கமாட்டா.

இரவு மிரிஹானையில ஜனாதிபதி கோட்டாபயவின்ர வீட்டுக்கு முன்னால சனம் கூடிட்டுதாம்.

ஏப்ரல் 3, ஞாயிறு

ஊரடங்கு. பேஸ்புக், வாட்ஸ்அப் ஒண்டும் வேலை செய்யேல்ல. அக்கா கனடாவில இருந்து லைன்ல வந்து அழுறா, எங்களுக்கு என்ன நடந்ததோ எண்டு.

மே 18, புதன்

ஜனாதிபதிய போகச்சொல்லி சனம் கூடாரம் அடிச்சு இருக்கிற காலிமுகத்திடலுக்குப் போனன். போர்க் கடைசியில முள்ளிவாய்க்கால்ல செத்த சனத்துக்கு நினைவேந்தல், அப்ப அங்க குடிச்ச மாதிரியே கஞ்சி குடுத்தாங்க. 13 வருசமா வடக்கில பொலிஸ் மறிச்சு மறிச்சு நடந்த ஒண்டு, கொழும்பில கடக்கரையில எல்லாருக்கும் முன்னால நடந்தது. எனக்குப் பக்கத்தில நிண்ட சிங்களப் பொடியன் ஒருத்தன் ஒரு வாய் குடிச்சிட்டு, இதுல தேங்காய்ப்பால் இல்லயா எண்டு கேட்டான். அரிசியும் தண்ணியும் உப்பும்தான் அப்ப இருந்தது எண்டு சொன்னன். அவன் முழுக்கக் குடிச்சிட்டுத்தான் கோப்பைய வச்சான். பெற்றோலும் காஸும் இல்லாமப் போனதாலதான் இவங்கள் எங்கட கதைய கேக்கிறாங்கள் எண்டு நினைக்க ஒரு பக்கம் வலிச்சது, ஆனா கேக்கிறாங்களே, அது பெரிசு, நான் அத குறைச்சுச் சொல்லமாட்டன்.

ஜூன் 28, செவ்வாய்

நேத்து அறிவிச்சாச்சு, ஜூலை 10 வரைக்கும் அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள். பள்ளிக்கூடமும் மூடிக்கிடக்கு. பெற்றோல் லீட்டர் 470 ரூபா, அந்த விலைக்கும் இல்ல. பெற்றோல் ஷெட் வாசல்ல இருந்து காலிக்குப் போற ரோட்டு நீளத்துக்கு வாகனம், ஆமிக்காரர் டோக்கன் குடுக்கினம். எங்கட ஒழுங்கையில ஓட்டோ ஓடுற அண்ணா அங்கயே படுக்கிறார், பின் சீட்டில பெட்சீட்ட விரிச்சு, கால் வெளியில நீட்டிக்கொண்டிருக்கும். மனிசி சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவந்து குடுக்க, சாப்பிடுற நேரம் அவ ஓட்டோவுக்குக் காவல் இருப்பா. "தம்பி, ரெண்டு நாள் ஓடினா மூண்டு நாள் லைன், இதுல லீசிங் காசு எப்பிடிக் கட்டுறது?" எண்டு கேட்டார். விலை ஏறினதப் பத்தித்தான் எல்லாரும் கதைக்கினம். ஆனா நாட்கூலிக்காரற்ற நாளையே பிடுங்கினதுதான் எனக்கு ஆகப்பெரிய அநியாயமாத் தெரியுது. சம்பளக்காரன் வரிசையில நிண்டாலும் மாசக் கடைசியில ஏதோ வரும், இவருக்கு நிக்கிற நேரமெல்லாம் நட்டம்.

ஜூலை 9, சனி

ராத்திரி போட்ட ஊரடங்க காலை 8 மணிக்கு எடுத்துட்டாங்க, சட்டத்தரணிகள் சங்கம் அது சட்டவிரோதம் எண்டு சொன்ன பிறகு. பஸ் இல்ல, பெற்றோல் இல்ல, எண்டாலும் சனம் வந்தது, கண்டியில இருந்து காலியில இருந்து ரயில எடுக்க வச்சு வந்தது, லொறியில வந்தது, நடந்து வந்தது. பின்னேரம் ஜனாதிபதி மாளிகைக்குள்ள சனம் நிக்குது. கண்ணீர்ப்புகை அடிச்சு கனபேருக்குக் காயம். எங்கட கட்டடத்துப் பொடியனும் கண்ண திறக்க ஏலாமத்தான் வந்தவன். அம்மா ரேடியோவ நிப்பாட்டவே விடேல்ல.

ஓகஸ்ட் 2, செவ்வாய்

ஜனாதிபதி மாறிட்டார், காலிமுகத்திடல்ல கூடாரங்கள ஜூலை 22 விடியக்காலை ஆமிய விட்டு அடிச்சுப் பிச்சுப்போட்டாங்கள், ஆயுதமில்லாத பொடியன்களுக்கு. மன்னிக்க ஏலாது.

நேத்தில இருந்து வாகனத்துக்குப் பதிஞ்ச கியூஆர் கோட் இருந்தாத்தான் பெற்றோல். ஓட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீட்டர். வரிசை உண்மையாவே குறைஞ்சிருக்கு, அண்ணா வீட்டில படுக்கிறார். ஆனா 5 லீட்டர்ல ஒரு கிழமைக்கு எத்தின ஹயர் ஓடுறது, அதுதான் இப்ப அவற்ற கணக்கு. அம்மாவ வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு ஏத்திப்போறன் எண்டு சொல்லியிருக்கிறார், அதுக்கு அரை லீட்டர் ஒதுக்கி வச்சிருக்கிறாராம். பிரஷர் மருந்த எங்க தேடுறது எண்டு தெரியேல்ல, கேட்ட பார்மசி ஒண்டிலயும் இல்ல.