ரோத்ஸ்டீன் கொடுக்காத கடன்

இரண்டு நாளாக அமெரிக்கச் சூதாட்டப் பெரும்புள்ளி ஆர்னால்ட் ரோத்ஸ்டீன்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறார். 1920-களின் நியூயார்க்கில் பெரிய பந்தயம் எதுவும் அவர் காதுக்குப் போகாமல் நடக்காது. 1919 பேஸ்பால் உலகத் தொடரில் ஆட்டத்தைத் தோற்க வீரர்களுக்குப் பணம் கொடுத்த விவகாரத்தில் அவர் பெயர் பலமாக அடிபட்டது, ஆனால் அவர்மேல் வழக்கே பாயவில்லை. எட்டு சிகாகோ வீரர்களுக்கோ, 1921-ல் நீதிமன்றம் விடுவித்த பிறகும், ஆயுள் முழுக்கத் தடை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அப்புறம் 1928 செப்டம்பரில் ஒரு சீட்டாட்டம். ஈயம் நிரப்பிய வால்நட்டைக் கட்டடத்தின் கூரைக்கு மேலே எறிந்து பந்தயம் ஜெயித்ததாகச் சொல்லப்படும் டைட்டானிக் தாம்ப்சனும் அதில் இருந்தார். ரோத்ஸ்டீன் தோற்றது மூன்று லட்சம் டாலருக்கும் மேல். ஆட்டத்தில் கள்ளம் இருக்கிறது, காசு தரமாட்டேன் என்று நின்றுவிட்டார்.

நவம்பர் 4 இரவு, லிண்டீஸ் உணவகத்தில் அவருக்கு ஒரு போன் வருகிறது. எழுந்து பார்க் சென்ட்ரல் ஓட்டலுக்குப் போகிறார். கொஞ்ச நேரத்தில் வயிற்றில் குண்டோடு, ஊழியர்கள் வந்துபோகும் வாசல் பக்கம் தள்ளாடிக்கொண்டு நிற்கிறார். யார் சுட்டது என்று போலீஸ் கேட்டுக் கேட்டுப் பார்த்தது, கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. 6-ஆம் தேதி உயிர் போனது. அன்றுதான் அதிபர் தேர்தல், ஹூவர் ஜெயிப்பார் என்று பெரிய தொகை கட்டியிருந்தார் என்பார்கள். ஹூவர் ஜெயித்தார்.

ஆட்டத்தை நடத்திய ஜார்ஜ் மக்மானஸ்மேல் வழக்கு நடந்து, அவரும் விடுதலையானார்.