பனித்துளிக்குள் தலைகீழாய் ஒரு பூ

பனித்துளியை நெருக்கத்தில் படமெடுக்க மூன்று வாரமாக விடியற்காலையில் எழுந்து புல்லோரம் மண்டியிட்டுக் கிடக்கிறேன். நேற்றுதான் மனசுக்கு நிறைவாக ஒரு படம் கிடைத்தது.

முதல் வாரத்தில் பாதி நாள் வெறுங்கையோடு திரும்பினேன். மேகம் மூடிய இரவிலும் காற்றடித்த இரவிலும் பனி பிடிக்கவே இல்லை. வானம் தெளிந்து காற்று அடங்கினால்தான் புல் தன் சூட்டை இழந்து நன்றாகக் குளிரும், ஈரம் அதன்மேல் துளியாகப் படியும். இப்போதெல்லாம் நட்சத்திரம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அலாரம் வைக்கிறேன்.

ஃபோகஸ்தான் பெரும்பாடு. 1:1 அளவில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் பொருள் அதன் நிஜ அளவிலேயே விழும்போது, லென்ஸ் துவாரத்தைச் சுருக்கி எஃப்/8 வைத்தாலும் தெளிவாக விழுவது ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் ஆழம்தான். புல்நுனியில் ஒரு துளி, அதற்குப் பின்னால் ஒரு மஞ்சள் பூ. துளி குட்டி லென்ஸ் மாதிரி வேலை செய்து பூவைத் தலைகீழாகக் காட்டுகிறது. துளியின் விளிம்பில் ஃபோகஸ் வைத்தால் பூ மங்கிப்போகிறது. பல நாள் ஏன் என்றே புரியவில்லை. உருண்டைத் துளியில் அந்தப் பிம்பம் துளிக்குள் விழுவதில்லை, சற்று முன்னால், கேமரா பக்கமாக விழுகிறது! அதனால் கேமராவை ஒரு மயிரிழை பின்னுக்கு நகர்த்தியதும் இதழ்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. உண்மையிலேயே மூச்சு நின்றுவிட்டது.

சரி, விளிம்பும் வேண்டும், பூவும் வேண்டும். டிரைபாடில் வைத்து, 2 நொடி டைமர் போட்டு, ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 12 படங்கள் எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிந்த பகுதியைச் சேர்த்து ஒரே படமாக அடுக்கினேன். நடுவில் ஒரு சின்னக் காற்று வந்தாலும் மொத்தமும் வீண். வெயில் ஏறிவிட்டால் காற்றும் எழும், துளியும் காய்ந்துவிடும். உதயத்துக்குப் பின் கிடைக்கிற கொஞ்ச நேரம்தான் நம்முடையது.

எடிட்டிங்கில் முன்பெல்லாம் விளிம்புகளை அழுத்திக் காட்டும் கிளாரிட்டியை அள்ளிப் போடுவேன். துளி பிளாஸ்டிக் மணி மாதிரி ஆகிவிடும். இந்த முறை ரா கோப்பில் (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளை, மட்டும் இறக்கினேன், துளியின் மேல் வெளுத்திருந்த ஒளிப்புள்ளி அடங்கியது. நிழலில் படர்ந்திருந்த நீலத்தை, நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸில் பாதிதான் எடுத்தேன். முழுசாக எடுத்தால் அந்த விடியற்காலைக் குளிர் படத்தை விட்டே போய்விடுகிறது. ஷார்ப்னஸ், மற்ற இடங்களை மறைக்கும் மாஸ்க் போட்டுத் துளிக்கு மட்டும்.

அப்புறம் சிலந்தி வலை. சென்சார் வலைக்கு நேர் இணையாக நின்றால்தான் எல்லா இழையும் தெளிவாக வரும். வேலியோரம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். இன்றிரவு வானம் தெளிவாக இருக்கிறது.