தின்னர் போகிற வழியிலேயே போய் எழுதிய ரிஸ்க் அசெஸ்மென்ட்

இங்கிலாந்தில் ஒரு சின்ன மரச்சாமான் பட்டறையில் மேற்பார்வை வேலை எனக்கு. மரத்துக்கு லேக்கர் என்கிற பளபளப்புப் பூச்சு அடிக்கிற இடம், அதனால் அதைக் கரைக்கிற தின்னர் எப்போதும் இருக்கும். இன்சூரன்ஸ்காரர்கள் "டிசியர் ரிப்போர்ட் எங்கே?" என்று கேட்டதும் முதலாளி ஃபைலை என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டிசியர் (DSEAR) என்பது ஆபத்தான பொருள்களையும் வெடிக்கக்கூடிய காற்றுச்சூழலையும் பற்றி 2002இல் இங்கே வந்த விதிமுறை. எரியக்கூடிய, வெடிக்கக்கூடிய பொருள் வேலையிடத்தில் இருந்தால் முதலாளி அதன் ஆபத்தை மதிப்பிட்டாக வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் எழுதியும் வைக்க வேண்டும். 2005ஆம் ஆண்டு தீப் பாதுகாப்பு ஆணைப்படி எங்களிடம் ஏற்கெனவே ஒரு மதிப்பீடு இருந்தது. வெளியேறும் வழி, அலாரம், தீயணைப்பான் எல்லாம் அதில் விலாவாரியாக இருந்தன. தின்னருக்கு ஒரே வரி: "பாதுகாப்பாக வைக்கப்பட்டுள்ளது."

முதலில் தின்னரின் ஆபத்துகளை விவரிக்கும் பாதுகாப்புத் தரவுத்தாளை எடுத்தேன். அதில் 16 பகுதிகள் உண்டு. இந்த வேலைக்கு, பொருளின் இயல்புகளைச் சொல்லும் ஒன்பதாவதுதான் உயிர்நாடி. எங்கள் தின்னரில் டொலுயீன் என்கிற கரைப்பான் அதிகம். அதன் ஃபிளாஷ் பாயிண்ட் சுமார் 4 டிகிரி செல்சியஸ், அதாவது பட்டறையின் சாதாரணக் குளிரிலேயே பற்றக்கூடிய ஆவி கிளம்பும். காற்றில் 1.1 விழுக்காடு சேர்ந்தாலே போதும். ஆவி காற்றைவிட மூன்று மடங்கு கனம் என்பதால் தரையோடு தவழும்.

அப்புறம் அலமாரியை விட்டுவிட்டு, தின்னர் போகிற வழியிலேயே போனேன். டிரம்மிலிருந்து கேனுக்கு ஊற்றுவது, கேனிலிருந்து ஸ்ப்ரே துப்பாக்கி கழுவும் தட்டுக்கு, துடைத்த துணி குப்பைக்கூடைக்கு. ஆவி வெளியே வருவதெல்லாம் இந்த இடங்களில்தான். ஊற்றும் மூலையில், சோதனைக்காகப் புகை விடும் சின்னக் குழாயைப் பிடித்துக் காற்றோட்டத்தைப் பார்த்தேன். எக்ஸாஸ்ட் ஃபேன் கூரைக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்க, புகை கீழே இறங்கி, சுவரோரம் இருந்த ஹீட்டரை நோக்கி நகர்ந்தது. பக்கத்தில் நின்ற பழைய ஆள், "அங்கேதான் கையைச் சூடு பண்ணிப்போம்" என்றார்!

மரத்தூளும் இந்த விதிமுறையில் வரும் என்று பலருக்குத் தெரியாது. நுண்தூள் காற்றில் கலந்தால் அதுவும் வெடிக்கும். லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் துடைத்த துணியோ இன்னும் மோசம். நெருப்பே இல்லாமல் தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். காலி டிரம்மையும் லேசாக எடுக்கக் கூடாது, உள்ளே ஆவி நிற்பதால் அது தின்னர் நிறைந்த டிரம்மைவிட ஆபத்து.

தீர்வுக்கு விதிமுறையே ஒரு வரிசை வைத்திருக்கிறது: முதலில் பொருளை மாற்ற முடியுமா, அப்புறம் அளவைக் குறை, கசிவைத் தடு, காற்றோட்டம் கொடு, இதற்கெல்லாம் பிறகுதான் தீப்பொறியைத் தவிர்ப்பது. எனக்கு இந்த வரிசை பிடித்திருந்தது. 'புகைபிடிக்காதே' பலகையோடு கடமையை முடித்துக்கொள்ள விடாது. பாதி வேலைக்குத் தண்ணீர் கலந்த லேக்கருக்கு மாறினோம். வேலையறையில் இவ்வகைத் திரவம் 50 லிட்டருக்கு மேல் வேண்டாம் என்பது அரசு வழிகாட்டுதல். மிச்சத்தை வெளியே தனிக் கிடங்குக்கு நகர்த்தினோம். ஹீட்டரைக் கழற்றினோம். துணிக்கு மூடியுள்ள உலோகத் தொட்டி வந்தது.

ஸ்ப்ரே பூத்தை, எங்கே எவ்வளவு வெடிக்கும் ஆவி சேர வாய்ப்புண்டு என்று பார்த்து மண்டலமாகப் பிரிப்பதை மட்டும் நான் தொடவில்லை. அது கணக்கு தெரிந்த நிபுணரின் வேலை, அதற்குச் செலவழிப்பதில் தயங்கவே கூடாது. அவர் கொடுத்த வரைபடத்தைப் பூத் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். புது லேக்கர் ஏதாவது வந்தால், டப்பாவைத் திறப்பதற்கு முன் அதன் தரவுத்தாள் என் மேசைக்கு வர வேண்டும்.