கொட்டி இருந்த இடம்

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் சுசீந்திரம் குளம் வந்ததும் ஜன்னல் பக்கம் திரும்புவார்கள். கண்ணில் படுவது பறவைகள்தாம். நானும் அப்படித்தான் பார்த்து வளர்ந்தேன். தாவரக் கணக்கெடுப்பு ஒன்றில் கள உதவியாளராக ஒப்பந்த வேலை கிடைத்த பிறகுதான், அந்தப் பறவைகள் நிற்கிற தரையைக் குனிந்து பார்த்தேன்.

சுசீந்திரம், தேரூர் ஈரநிலங்கள் 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன, பரப்பு 94.23 ஹெக்டேர். வேம்பனூர் ஈரநிலமும் அதே ஆண்டில் சேர்ந்தது. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அதனால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெல் போகத்தோடும் சேர்ந்து குளத்து நீர் ஏறும், இறங்கும். நீர் இறங்கும் மாதங்களில் எனக்கு வேலை. ஒரு மீட்டர் நீள அகலமுள்ள மரச்சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் முளைத்திருக்கும் அத்தனையையும் எண்ணி எழுத வேண்டும்.

முதல் நாளே தவறு செய்தேன். சேற்றில் படர்ந்திருந்த ஒன்றைப் புளியாரை என்று எழுதிவிட்டேன். பக்கத்தில் கீரை பறித்துக்கொண்டிருந்த ஆச்சி, நான் சொல்லி எழுதியதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். “இலையை எண்ணிப் பார் மக்ளே. புளியாரைக்கு மூன்று, ஆரைக்கு நான்கு.”

எண்ணினேன். நான்கு. பூவே பூக்காத செடி அது, பெரணி இனம். மாலை மங்கினால் நான்கு இலையும் கைகூப்பியதுபோல் மூடிக்கொள்ளும். காம்பின் அடியில், பயறு அளவில், கல்போல, காய் மாதிரி ஒரு வித்துக்கூடு இருக்கும். குளம் வெடித்துக் கிடந்தாலும் அதற்குள் உயிர் பல ஆண்டுகள் காத்திருக்கும். அந்தக் காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதன்பிறகு சட்டம் இல்லாமலே நீரின் ஆழத்தைப் படிக்கக் கற்றேன். ஆழத்தில் தாமரையும் அல்லியும். நீளவால் இலைக்கோழி முட்டையிடுவது இப்படி மிதக்கும் இலைகளின்மேல்தான். முழங்கால் நீரில் கொட்டி என்கிற கிழங்குச் செடி. கணுக்கால் சேற்றில் ஆரை, நீர்ப்பிரம்மி, பொன்னாங்கண்ணி. அதற்கு மேலே கோரை; நீலத் தாழைக்கோழி அதன் குருத்தைக் காலால் பிடித்துக் கடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கரையோரம் ஊதாப் பூவோடு நீர்முள்ளி. காய்ந்த மேட்டில் பொடுதலை. ஒரு சட்டத்துக்குள் 11 வகை எண்ணிய நாளும் உண்டு. குளம் வற்றினால் பறவை பறந்துவிடும். கொட்டியும் ஆம்பலும் அங்கேயேதான் கிடக்கும். சின்ன வயதில் மூதுரைப் பாட்டாக மனப்பாடமாகச் சொன்னது, சேற்றில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாவது மாதம் ஒரு திங்கட்கிழமை போனபோது சட்டம் வைக்கும் இடங்களுக்கு அடையாளமாக நான் நட்டிருந்த முளைக்குச்சிகள் இல்லை. கரையோரம் முழுவதும் வழித்து எடுக்கப்பட்டிருந்தது. ஏதோ விழாவுக்காகத் தூய்மைப்பணியாம். ஆகாயத்தாமரையை அகற்ற வேண்டியதுதான். அது வெளியிலிருந்து வந்து நீரை மூச்சுமுட்ட வைக்கிற செடி. ஆனால் பொக்லைன் வாளிக்கு ஆகாயத்தாமரையும் தெரியாது, கொட்டியும் தெரியாது. வேலைக்கு உத்தரவு போட்டவர்களின் தாளில் எல்லாவற்றுக்கும் ‘களை’ என்று ஒரே பெயர் இருந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. குச்சிகள் எதற்கென்று கரையில் வேலை செய்கிறவர்களிடம் நானும் ஒருமுறைகூடச் சொல்லியிருக்கவில்லை. அதையும் நினைத்துக்கொள்கிறேன்.

மேல்மண்ணைச் சுரண்டினால் போவது செடி மட்டுமில்லை. அடுத்த மழைக்கு முளைக்க வேண்டிய விதையும் கிழங்கும் அந்த ஒரு சாண் சேற்றில்தான் கிடக்கின்றன. அள்ளிய சேறு கரைக்கு அப்பால் குவியலாகக் காய்ந்தது. அதைக் கிளறிப் பார்த்தேன். கொட்டிக்கிழங்குகள் வெயிலில் சுருங்கிக் கிடந்தன. ஆச்சி நாலைந்தைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டார், ஒன்றும் பேசவில்லை.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீர் இறங்கும் காலத்தில் விடுமுறை நாளில் அங்கே போகிறேன். இப்போது முதல் வேலையாக, கரையில் யார் மண்வெட்டியோடு நின்றாலும் நான்கு இலையைக் காட்டிப் பெயர் சொல்லிவிடுகிறேன். போன முறை அதே இடத்தில் சட்டத்தை வைத்தேன். கோரை வந்திருந்தது. பொன்னாங்கண்ணி வந்திருந்தது. ஆரை, ஓர் ஓரத்தில், கைப்பிடி அளவு. மொத்தம் 6 வகை.

கொட்டியைக் காணவில்லை.