ஒற்றியூரில் ஒரு பௌர்ணமி

கார்த்திகைப் பௌர்ணமிக்குத் திருவொற்றியூர் போகவேண்டும் என்று அம்மா சொன்னதும் எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. கூட்டம் தாங்காது. அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "கண்ணு நல்லாத் தெரியறப்பவே கவசம் இல்லாத சாமியைப் பார்த்துடறேன்டா" என்றாள். அதற்கு மேல் என்ன பேசுவது?

இங்கே மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று மண்ணால் ஆன சுயம்பு. அதனால் தண்ணீர் அபிஷேகம் கிடையாது, வருடம் முழுக்கக் கவசம்தான். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி 3 நாள் மட்டும் கவசத்தை எடுத்துப் புனுகும் சாம்பிராணித் தைலமும் சார்த்துவார்கள்.

தேரடி மெட்ரோ நிலையத்திலிருந்து கோயில் நடக்கிற தூரம். அம்மா பிறந்து வளர்ந்தது இந்த ஊரில்தான். தாத்தாவுக்கு இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்தக் காலத்தில் தீப்பெட்டி, டயர், மோட்டார் சைக்கிள் என்று ஊரைச் சுற்றிலும் தொழிற்சாலைச் சங்கு ஊதிக்கொண்டே இருக்குமாம். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்த்து முதலாவது மண்டலம் ஆக்கினார்கள். "நாங்க அப்பவே மெட்ராஸ்தான்" என்பது அம்மாவின் கட்சி.

வரிசை நகரவேயில்லை. மகிழ மரத்தடிக்கு வந்ததும் அம்மா கதையை ஆரம்பித்தாள். சங்கிலி நாச்சியாரை மணக்க வந்த சுந்தரர், 'உன்னைப் பிரியமாட்டேன்' என்று சத்தியம் செய்ய வேண்டும். சன்னதியில் செய்தால் மாட்டிக்கொள்வோமே என்று, அந்த நேரம் மட்டும் மகிழ மரத்தடிக்குப் போய்விடும்படி சுவாமியிடமே கேட்டுக்கொண்டார். சரி என்றவர், மகிழடியிலேயே சத்தியம் வாங்கிவிடு என்று சங்கிலியாருக்கும் சொல்லி வைத்துவிட்டார். அப்புறம் ஆரூர் நினைப்பு வந்து சுந்தரர் ஊர் எல்லையைத் தாண்ட, இரண்டு கண்ணும் போயிற்று. காஞ்சியில் இடது கண், ஆரூரில் வலது கண் என்று தவணையாகத்தான் திரும்பக் கிடைத்தது.

"எனக்கும் இடது கண்தான் முதல்ல" என்றாள் அம்மா. "கல்யாணம் ஆகி இந்த ஊரை விட்டுப் போனேனே, அதுக்குத்தான்." முன்னால் நின்ற அம்மாள் சிரித்துவிட்டார்.

வாக்கைக் காக்க முடியாமல் போன இன்னொருவரும் இந்த ஊரில் உண்டு. பெரிய புராணத்தில் இல்லை, கல்வெட்டில் இருக்கிறார். 949-ல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலேயே மாண்டான். அவனோடு சேர்ந்து சாக முடியாமல் போனதே என்று வெட்கப்பட்ட கேரளத்துப் படைத்தலைவன் ஒருவன், துறவு பூண்டு திருவொற்றியூர் மடத்தில் சதுரானன பண்டிதர் ஆனான். சுந்தரர் கதையை விட எனக்கு இதுதான் மனதைப் பிசைகிறது. அந்தப் பெயரில் பின்னால் வந்த மடத்துத் தலைவர் ஒருவர் சொல்லித்தான், ராஜேந்திர சோழன் காலத்தில் வீரசோழத் தச்சன் என்ற ரவி கருங்கல்லில் விமானத்தை எடுத்தானாம். யானையின் பின்புறம் போல வளைந்த தூங்கானை மாடம். பிராகாரத்தில் பின்பக்கமாகப் போய் நின்று பார்க்காமல் வந்துவிடாதீர்கள்.

ஒன்றரை மணி நேரம் கழித்துச் சன்னதி. தைலம் பளபளக்க, விளக்கு வெளிச்சத்தில் ஒரு கரிய மேனி. நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் "நகருங்க, நகருங்க" என்றார்கள். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டே இருந்தாள். வடிவுடை அம்மன் சன்னதியில் கொஞ்சம் நிம்மதியாக நிற்க முடிந்தது. வடிவுடை மாணிக்க மாலையில் வள்ளலார் பாடியது இவளைத்தான். அம்மாவுக்கு அதில் நாலைந்து பாட்டு மனப்பாடம், முணுமுணுத்தாள்.

திரும்பும்போது பட்டினத்தார் சமாதிக்கும் போகவேண்டும் என்றாள். பேய்க்கரும்பு இனித்த இடத்தில் தங்கிவிட்டவர் அவர். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் விரைவுச் சாலையைக் கடப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. சமாதியில் ஒரு லிங்கம், கற்பூர வாசனை, நாலு பேர், அவ்வளவுதான். வெளியே வந்தால் கடல். மண்ணை அலை அரிக்காமல் இருக்கப் பாறாங்கல்லாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். அம்மா விளையாடிய மணல் இருந்த இடமே தெரியவில்லை.

அவள் அதைப்பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அங்க ஒரு கப்பல் நிக்குதுடா" என்றாள்.