வன்னி வெக்கையில் கடல்நீர்த் தொட்டி: காசை எங்கே போடுவது

கடல்மீனும் முருகைக்கல்லும் (பவளம்) வளர்க்க வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்பது பற்றி இணையத்தில் கிடைக்கும் காணொளிகளில் பல குளிர்நாட்டுக்காரர் போட்டவை. எடுத்த எடுப்பில் ஹீட்டர் வாங்கச் சொல்வார்கள். கிளிநொச்சியில் ஹீட்டரை வைத்து என்ன செய்வது? சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் தானாகவே 31, 32 பாகைக்கு ஏறி நிற்கும், முருகைக்கல் உயிரிகளுக்கு வேண்டியதோ 25 முதல் 27 வரை. அதனால் வன்னியில் கொஞ்சக் காசோடு தொடங்குகிறவருக்கு நான் முதலில் சொல்வது, விளக்கிலும் அலங்காரத்திலும் காசைக் கொட்டாமல் தண்ணீரிலும் குளிர்ச்சியிலும் போடுங்கள் என்பதுதான். மிச்சம் எல்லாவற்றையும் இங்கேயே மலிவாகச் செய்துகொள்ளலாம்.

தொட்டியைக் கண்ணாடிக் கடையில் வெட்டி ஒட்டுவித்தால் போதும். இரண்டரை அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றேகால் அடி என்றால் ஏறத்தாழ 110 லீற்றர் பிடிக்கும். அதைவிடச் சின்னதாக வைத்தால் செலவு குறையும் என்று தோன்றும், ஆனால் கொஞ்சத் தண்ணீரில் உப்பும் சூடும் ஒரே மத்தியானத்தில் மாறிவிடும், அது முதல் தொட்டிக்கு நல்லதல்ல. சிலிக்கன் வாங்கும்போது குளியலறைக்கென்று பூஞ்சைமருந்து கலந்து விற்பதை எடுக்காதீர்கள். தண்ணீர் மட்டும் 110 கிலோ என்பதால், சீமெந்துக் கல் அடுக்கி மேலே தடித்த பலகை போட்டு மட்டம் பார்த்து வைப்பதே மலிவும் பாதுகாப்பும்.

சரி, தண்ணீர். “ஆனையிறவு உப்பு கிட்டத்தானே இருக்கு, அதைக் கரைச்சு விடலாமே” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முடியாது. கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகளில் சோடியமும் குளோரைட்டும் சேர்ந்து 85 வீதத்துக்குச் சற்று மேல், மிச்சம் மக்னீசியம், சல்பேற்று, கல்சியம், பொற்றாசியம் போன்றவை. உப்பளப் பாத்தியில் நீர் வற்ற வற்ற கல்சியம் முதலில் படிந்துவிடுகிறது, மக்னீசியம் கடைசியில் கழிவுநீரோடு போய்விடுகிறது, நடுவில் விளைவதைத்தான் நாங்கள் உப்பு என்று அள்ளுகிறோம். கறிக்கு அது அருமை. எலும்புக்கூடு கட்ட லீற்றருக்கு 400 மில்லிகிராம் அளவில் கல்சியம் தேடும் முருகைக்கல்லுக்கு அதில் ஒன்றும் இல்லை.

கடையில் விற்கும் கடல் உப்புப் பொதி விலை கூட, ஆனால் எங்களுக்குக் கடலே பக்கத்தில் இருக்கிறது. பரந்தனில் இருந்து ஏ35 வீதியைப் பிடித்தால் முல்லைத்தீவு. அங்கே தொழில் செய்யும் அண்ணை ஒருவரிடம் கான்களைக் கொடுத்தபோது அவர் சொன்னது: “கரைத் தண்ணி வேண்டாம் தம்பி, பாருக்கு அங்கால போய் அள்ளித் தாறன்.” பார் என்றால் கடலடிக் கல்திட்டு. அவர் சொன்னது முழுக்கச் சரி. கரையோரத் தண்ணீரில் கலங்கலும் எஞ்சின் எண்ணெயும் இருக்கும். நந்திக்கடல் வாயருகில் எடுக்கவே கூடாது, களப்பு மாரியில் நன்னீராகும், கோடையில் கடலைவிட உவர்க்கும். மாரி மழையில் திறந்த கடலின் உப்பும் இறங்கிவிடும், அதனால் கடல் அமைதியாகக் கிடக்கும் பங்குனி, சித்திரையில் எடுத்துச் சேமிப்பது நல்லது. துணியில் வடித்து, சாப்பாட்டுச் சாமான் வந்த சுத்தமான பரலில் ஊற்றி, வெளிச்சம் படாமல் மூடி, இரண்டு கிழமை காற்றுப் பம்மை ஓடவிட்ட பிறகே தொட்டிக்கு.

உப்பளவு பார்க்க ரெஃப்ராக்டோமீற்றர் வாங்குங்கள், இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். இலக்கு ஆயிரத்துக்கு 35 பங்கு. கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க 36.5 கிராம் சுத்தமான உப்பை 963.5 கிராம் வடிநீரில் கரைத்து ஒரு துளி விடுங்கள், 35 காட்ட வேண்டும்.

இனி வெக்கை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரம் வாங்கும் காசில் இன்னும் இரண்டு தொட்டி வைக்கலாம், ஆகவே ஃபான்தான். தண்ணீரின் மேற்பரப்பில் சரிவாக ஊதுமாறு இரண்டு 12 வோல்ற் கணினி ஃபான்களைப் பூட்டினால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஒரு லீற்றர் ஆவியாகும்போது கொண்டுபோகும் வெப்பம், 100 லீற்றரை ஐந்து பாகைக்கு மேல் குளிர்விக்கப் போதும், ஆனால் அறைச் சூடு திரும்ப ஏறிக்கொண்டே இருப்பதால் அவ்வளவும் கையில் கிடைக்காது. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் காற்று வறண்டிருப்பதால் இந்த முறை நன்றாக வேலை செய்கிறது. வாடைக்காலத்து ஈரக்காற்றில் ஆவியாவது குறைவு, அப்போது சூடும் குறைவு என்பதால் கவலையில்லை. தகரக் கூரைக்குக் கீழும் மேற்குச் சுவரோடும் தொட்டியை வைக்காதீர்கள். விளக்கைப் பகலில் போடாமல் மாலை 4 மணிக்குப் பிறகு போட்டு இரவு அணையுங்கள், உச்சி வெயிலும் விளக்குச் சூடும் ஒன்றாகச் சேராது. 1998 இல் கடல் சூடேறியபோது இலங்கையின் முருகைக்கல் திட்டுகள் பல வெளிறிச் செத்தன. உடலுக்குள் இருந்து உணவு ஆக்கிக் கொடுக்கும் பாசியை அந்த உயிரி சூட்டில் வெளியே தள்ளிவிடுகிறது, தொட்டிக்குள்ளும் நடப்பது அதுதான்.

ஆவியாவது நீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே நிற்கும். ஆகவே தினமும் குறைந்ததை நன்னீரால் நிரப்ப வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினம், வயல்பக்கக் கிணறு என்றால் உரத்து நைத்திரேற்றும் இருக்கலாம், அது வேண்டாம். ஊர்களில் விற்கும் ஆர்ஓ (சவ்வில் வடித்த) தண்ணீரை, கரைந்த உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மானியால் பார்த்து, 10க்குள் இருந்தால் எடுங்கள். கார்த்திகை மழையும் நல்லது, ஆனால் தகரத்தில் வழிந்தது கூடாது. தகரத்தின் துத்தநாகப் பூச்சு முதுகெலும்பில்லாத உயிரிகளுக்கு நஞ்சு. சுத்தமான பொலித்தீனை விரித்து நேரே பிடியுங்கள்.

கற்களைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கடலில் இருந்து முருகைக்கல்லைப் பெயர்த்து வருவது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் செய்யக் கூடாது. மீன் குஞ்சு ஒதுங்கும் வீடு அது, அதை உடைத்தால் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் தொழில் செய்பவரின் வலைதான் வெறுமையாகும். கல்லை நாங்களே செய்யலாம். ஒரு பங்கு சீமெந்து, மூன்று பங்கு உடைத்த சிப்பி ஓடு, அதோடு ஆனையிறவுக் கல்லுப்பு கொஞ்சம். உப்புக்கு இங்கேதான் வேலை: அது கரைந்து போன இடமெல்லாம் துளையாகி, அந்தத் துளைகளில் பக்ரீரியா குடியேறும். காய்ந்த கல்லை நன்னீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, பிஎச் 8.3 அளவுக்கு இறங்கும் வரை விடுங்கள். ஒன்றரை இரண்டு மாதம் எடுக்கும், அவசரப்பட வேண்டாம்.

பிறகு கல்லும் கடல்நீரும் சேர்ந்த தொட்டியில் ஒரு பச்சை இறால் துண்டைப் போட்டு அழுக விடுங்கள். அமோனியா ஏறும், அதை ஒருவகைப் பக்ரீரியா நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் சோதனையில் பூச்சியமாக வர நாலு முதல் ஆறு கிழமை செல்லலாம். அதற்கு முன் மீன் விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். பிறகு ஒரு சோடிக் கோமாளி மீன், தொட்டியிலேயே பொரித்து வளர்ந்ததாகக் கேட்டு வாங்குங்கள். முருகைக்கல் இன்னும் சில மாதம் கழித்து, வேறொருவர் தொட்டியில் வளர்ந்து பெருகியதில் வெட்டிய மென்வகைத் துண்டாக. சொவாந்திட் என்ற, பூப்போல விரியும் மென்வகையைத் தொடும்போது கட்டாயம் கையுறை போடுங்கள், அது ஒட்டிய கல்லை ஒருபோதும் கொதிக்க வைக்காதீர்கள், சிலவற்றின் நஞ்சு ஆளைக் கொல்லக்கூடியது.

மின்வெட்டுக்கு, 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கறண்ட் இல்லாமல் இருந்ததை நினைத்துக்கொண்டு ஆயத்தம் செய்யுங்கள். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும், பம் நின்றால் மீன் சில மணி நேரத்திலேயே மூச்சுக்குத் தவிக்கும். ஒரு 12 வோல்ற் பற்றரி, அதில் ஓடும் காற்றுப் பம், அதே பற்றரியில் அந்த ஃபான்கள். கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரை வாங்க முன்னம் இதை வாங்குங்கள். இந்த அளவுத் தொட்டியில் கிழமைக்கு 10 லீற்றர் மாற்றினால் ஸ்கிம்மர் இல்லாமலே சமாளிக்கலாம்.