காட்போட் மெக்லாரன்: 2023 பருவக் குறிப்புகள்

மார்ச் 5, பஹ்ரைன், ஃபோர்மியுலா 1 கார்ப் பந்தயம். மெக்லாரன் அணியின் இரு ஓட்டுநர்களில் பியாஸ்ட்ரியின் கார் ஆரம்பத்திலேயே நின்றுவிட்டது. மற்றவரான நொரிஸ் காற்றழுத்தக் கசிவைச் சரிக்கட்ட மறுபடி மறுபடி பிட்டுக்குள் (பாதையோரம் காரைக் கவனிக்கும் இடம்) வந்து 17ஆவதாக முடித்தார். காரில் தங்களுக்கு முழுத் திருப்தி இல்லை, பாகு பந்தயத்தில் பெரிய மாற்றம் வரும் என்று அணித் தலைவர் ஸ்டெல்லா முன்பே சொல்லியிருந்தார். அப்படியானால் மாறுவது என்ன, எதனால் வேகம் கூடுகிறது? கையால் செய்து பார்த்தால்தான் எனக்கு விளங்கும். கொட்டகலை வீட்டின் பின்அறையில் அடுத்த நாளே வேலையைத் தொடங்கினேன்.

அளவு பத்தில் ஒன்று. விதிப்படி காரின் அகலம் 2 மீற்றர், எனவே எனக்கு 20 சென்ரிமீற்றர். உடல் ரெஜிபோம் (தெர்மோகோல்), அடித்தட்டு காட்போட். பழைய பலகைப் பெட்டி ஒன்றின் இரு முனைகளையும் திறந்து, ஒரு பக்கத்தில் கண்ணாடி பொருத்தி, முன்னால் ஸ்டாண்ட் ஃபேனை வைத்தேன். ஃபேன் காற்று சுழன்று சுழன்று வரும். அதை நேராக்க, ஸ்ட்ரோக்களைத் தேன்கூடு மாதிரிக் கட்டி இடையில் நிறுத்தினேன். காரின் நான்கு சில்லுகளும் நான்கு மூங்கில் குச்சிகளின் மேல் நிற்கும். குச்சிகள் தரைப்பலகையின் துளைகள் வழியே இறங்கி, கீழே இருக்கும் சமையலறை டிஜிட்டல் தராசில் ஊன்றும். காற்று காரைக் கீழே அழுத்தினால் கிராம் கூடும்; அந்த அழுத்தம் கூடினால்தான் நிஜக் கார் தரையைப் பிடித்து வளைவில் வேகமாகத் திரும்பும்.

முதல் வாரம் வீண். ஒரே மொடலுக்குப் பின்னேரம் 6 மணிக்கு ஒரு கணக்கு, இரவு 10 மணிக்கு வேறொரு கணக்கு. அடித்தட்டை மூன்று முறை பிரித்து ஒட்டிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது: எல்லா வீட்டிலும் லைட் எரியும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கி ஃபேன் மெதுவாகிவிடுகிறது. அப்புறம் இரவு 10க்குப் பிறகு மட்டுமே அளந்தேன்.

2023 விதியில் அடித்தட்டின் ஓரத்தை 15 மில்லிமீற்றர் உயர்த்தச் சொன்னார்கள். என் அளவில் ஒன்றரை மில்லிமீற்றர். பழைய உயரத்தில் 14 கிராம் காட்டிய தராசு, ஓரத்தை உயர்த்தியதும் 11 காட்டியது. நகத்தளவுகூட இல்லாத இடைவெளி! வெளிக்காற்று அதன் வழியே உள்ளே புகுந்து கீழ்ப்பக்கத்து உறிஞ்சலைக் கெடுக்கிறது.

பாகுவில் சொன்னபடியே புதிய அடித்தட்டு வந்தது. ஆனால் மயாமியில் இருவரும் 17ஆவது, 19ஆவது. இங்கே திங்கள் அதிகாலை 1 மணிக்குத் தொடங்கும் பந்தயம் அது. முழுக்கப் பார்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.

அடித்தட்டின் கீழ்ப்பக்கத்தை அணிகள் யாருக்கும் காட்டுவதில்லை. மே மாதம் மொனாக்கோவில் எதிரணியான ரெட்புல்லின் ஓட்டுநர் பெரேஸ் மோதி, அவரது காரைக் கிரேன் தூக்கியபோதுதான் அந்த வளைவுகள் உலகத்துக்கே தெரிந்தன. அந்தப் படங்களைப் பார்த்தே என் இரண்டாவது அடித்தட்டை வெட்டினேன். ஆகவே என் மெக்லாரனின் வயிறு ரெட்புல்லின் வயிறு.

எட்டுப் பந்தயம் முடிந்தபோது அணிக்கு மொத்தம் 17 புள்ளி. ஜூலை 2, ஒஸ்திரியாவில் பக்கவாட்டுப் பெட்டி (ஓட்டுநருக்கு இருபுறமும் இருக்கும் புடைப்பு), எஞ்சின் மூடி, அடித்தட்டு எல்லாம் புதிதாக நொரிஸின் காருக்கு மட்டும் வந்தன. அவர் நான்காவது. அடுத்த வாரம் சில்வர்ஸ்டோனில் இரண்டாவது, பியாஸ்ட்ரி நான்காவது.

எங்களுக்கோ விடாத மழை. ஈரத்தில் காட்போட் தொய்ந்து அடித்தட்டு நடுவில் இறங்கிப்போனது. வார்னிஷ் மூன்று பூச்சு அடித்து, அடுப்படியில் காயவைத்தேன். அதே வாரம் பக்கவாட்டுப் பெட்டியைப் பின்னோக்கிச் சரியும் மேடாகச் செதுக்கி, ஊதுபத்திப் புகை விட்டுப் பார்த்தோம். கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்திருந்த தம்பி கத்தினான்: “அண்ணே, புகை கீழ எறங்குது பாருங்க!” பழைய வடிவத்தில் மேலாகவே போய்க் கலைந்த புகை, இப்போது சரிவோடு ஒட்டி இறங்கிப் பின்சில்லுக்கு உள்பக்கமாக, டிஃப்யூசரின் (அடித்தட்டின் பின்முனையில் மேல்நோக்கி விரியும் பகுதி) மேலே போய்ச் சேர்ந்தது. அங்கே காற்று வேகமாக ஓடினால் கீழே இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். தராசு 17 கிராம். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

பேராசையில் காரை இன்னும் தாழ்த்தினேன். 5 மில்லிமீற்றர் வரை ஏறிக்கொண்டே போன எண், 3இல் சடாரென 6 கிராமுக்கு விழுந்தது. இடைவெளி குறுகி, தரையை ஒட்டிய மந்தக் காற்று வழியை அடைத்துவிடுகிறது. நிஜக் காற்றுச் சுரங்கத்தில் இதற்காகவே காரின் கீழே பெல்ட் ஓடும். என்னிடம் அசையாத பலகைதான், அதனால் என் 3 மில்லிமீற்றரை அவர்களுடைய கணக்கோடு ஒப்பிட முடியாது.

செப்டெம்பரில் சிங்கப்பூரில் அடுத்த தொகுதி மாற்றங்கள் வந்தன. ஜப்பானில் இருவரும் வெற்றி மேடையில். ஒக்டோபர் 7, கட்டாரில் ஸ்பிரின்ட் என்ற குறும்பந்தயத்தில் பியாஸ்ட்ரி வென்றபோது நாங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமாவும் எழுந்து வந்துவிட்டார். பருவ முடிவில் 302 புள்ளி, நான்காம் இடம்.

மொடல் இன்னும் பெட்டிக்குள்தான் நிற்கிறது. நேற்று இரவு பின் இறக்கையைக் கழற்றிவிட்டு அளந்தேன்: 17 கிராம் 10 ஆனது. இறக்கையின் பங்கு மட்டுமே 7 கிராமா, இல்லை அது இல்லாததால் டிஃப்யூசரும் சோர்ந்துவிட்டதா என்று பார்க்க, நாளைக்கு டிஃப்யூசரை அடைத்துவிட்டு இறக்கையை மறுபடி மாட்டப்போகிறேன்.